காலையில் மூடாத கதவு மதியம் ஏன் அறைகிறது?

கேள்வி: திண்டிவனம் நேரு வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறோம். வாசலில் அலுமினிய ஃப்ரேம் போட்ட கண்ணாடிக் கதவு. மூன்றரை அடி அகலம், தெருப்பக்கம் திறக்கும், மேற்குப் பார்த்த வாசல். டோர் க்ளோசர் கதவின் வெளிப்பக்கம் மேலே இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் கதவு முழுக்க மூடாமல் நாலு விரல் இடைவெளியில் நின்றுவிடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அதே கதவு படார் படாரென்று அறைகிறது. ஃபிட்டர் வந்து பார்த்தார். "உள்ளே எண்ணெய் தீர்ந்துபோச்சு, ஊற்றிக் கொடுக்கிறேன்" என்கிறார். ஊற்றலாமா, புதிதாக மாற்ற வேண்டுமா? விழுப்புரத்தில் என் தம்பியின் கிளினிக் கதவுக்குத் தரைக்குள் புதைத்த மெஷின். ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் புகுந்ததிலிருந்து அந்தக் கதவு நடுவில் வந்து நிற்பதில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: கதவு எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். டோர் க்ளோசரில் எண்ணெய்தான் கதவை மூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மூடுவது எண்ணெய் அல்ல, உள்ளே இருக்கும் ஸ்பிரிங். எண்ணெயின் வேலை அந்த ஸ்பிரிங்கின் வேகத்தைத் தடுத்து நிறுத்துவது மட்டும்தான். ஆகவே எண்ணெய் கசிந்து தீர்ந்துபோன மெஷின், காலை மதியம் பார்க்காமல் எப்போதும் அறையும். உங்கள் கதவோ காலையில் மூடவே தயங்குகிறது. எண்ணெய் தீர்ந்த மெஷினுக்கு அந்தத் தயக்கம் வராது.

சந்தேகம் இருந்தால் ஸ்டூல் போட்டு ஏறி, மெஷினின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால், மெஷினிலிருந்து மேல் ஃப்ரேமுக்கு நீளும் கை இணையும் அச்சைச் சுற்றித் தூசி ஒட்டிய கறுப்புப் பிசுக்கு படிந்திருக்கும். கீழே கண்ணாடியில் கோடாக வழிந்த தடமும் தெரியும். தடவிய உங்கள் கை சுத்தமாக வந்தால் எண்ணெய் உள்ளேயே இருக்கிறது. அப்படியே கசிந்திருந்தாலும் ஊற்றுவது வீண். கசிவு என்றாலே உள்ளே சீல், அதாவது எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம், கெட்டுவிட்டது என்று பொருள். புது எண்ணெயும் அதே வழியாக வெளியேறும். ஊற்றும்போது காற்றுக் குமிழ் உள்ளே போய்விட்டால் கதவு நடுவழியில் துள்ளித் துள்ளி நகரும். மேலே மாட்டும் சாதாரண மெஷின்கள் பிரித்துப் பழுதுபார்ப்பதற்காகச் செய்யப்படுபவை அல்ல. கசிந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

இனி அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கதவைத் திறக்கும்போது மேலே உள்ள கை ஒரு சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதற்குப் பினியன் என்று பெயர். அது பல் வெட்டிய பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அப்போது பிஸ்டனில் உள்ள ஒருவழி வால்வு திறந்து, எண்ணெய் தாராளமாக மறுபக்கம் போய்விடுகிறது. நீங்கள் கதவை விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. இப்போது அந்த வால்வு அடைபட்டுவிடும். திரும்பிவர எண்ணெய்க்குப் பக்கச் சுவரில் உள்ள மெல்லிய துளைகள்தான் மிச்சம். ஊசி மாட்டிய சிரிஞ்சை அழுத்தினால் மருந்து மெதுவாக வருவதைப் போன்றதுதான் இது. அந்தத் துளைகளின் வாயைக் குறுக்கவும் விரிக்கவும்தான் மெஷினில் திருகுகள் இருக்கின்றன.

பெரும்பாலான மெஷின்களில் இரண்டு திருகுகள். ஒன்று, முழுக்கத் திறந்த நிலையிலிருந்து ஏறக்குறைய 15 டிகிரி மிச்சம் இருக்கும் வரையிலான வேகத்தைக் கட்டுப்படுத்தும். மற்றது, அந்தக் கடைசி 15 டிகிரிக்கு மட்டும். கதவு பூட்டில் போய் உட்காரும் கட்டம் அது. வலப்பக்கம் திருகினால் மெதுவாகும், இடப்பக்கம் திருகினால் வேகமாகும். ஆனால் இரண்டு திருகுகளும் வேகத்தை மட்டுமே மாற்றும். கதவை மூடும் விசையை, அதாவது ஸ்பிரிங்கின் பலத்தை, அவை துளியும் கூட்டாது.

உங்கள் கதவில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கதவு கடைசி நாலு விரல் தூரத்தில் நின்றது. மூடவில்லையே என்று யாரோ ஒருவர் கடைசிக் கட்டத் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டார். பலம் போதாத கதவு, வந்த வேகத்தில் சில நாள் மோதி மூடிக்கொண்டது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் விசைக் குறைவை வேகத்தால் மறைத்ததுதான் நடந்தது. காலையில் அந்த வேகமும் போதவில்லை. மதியம் அதுவே மிஞ்சிவிடுகிறது.

மதியம் மிஞ்சுவதற்கு முதல் காரணம் வெயில். சூடேறினால் எண்ணெய் இளகும். அதன் பாகுத்தன்மை, அதாவது ஓடத் தயங்கும் குணம், குறையும். சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வந்தால் பாகுத்தன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல மெஷின்களில் இந்த மாற்றம் குறைவாக இருக்கும்படியான எண்ணெய் ஊற்றுகிறார்கள். என்றாலும் கத்திரி வெயிலில், மேற்குப் பார்த்த வாசலில், நிழலில்லாமல் வெளிப்பக்கம் தொங்கும் உலோகப் பெட்டியின் சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகம். தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது.

இன்னொரு காரணம் பலருக்கும் தோன்றாதது: எக்ஸாஸ்ட் ஃபேன். கடையில் அப்படி ஒன்று இருந்து, புழுக்கம் ஏறியதும் போடுகிறீர்கள் என்றால், அது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. ஏ.சி. கடையாக இருந்தால் ஜன்னல்களெல்லாம் அடைத்திருக்கும். வேறு வழியில் காற்று உள்ளே வர முடியாது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று கதவை உள்நோக்கித் தள்ளுகிறது. உங்கள் கதவு வெளியே திறப்பது, ஆகவே அந்தத் தள்ளல் ஸ்பிரிங்கோடு சேர்ந்துகொள்ளும். காலையில் நேர்மாறு. ஃபேன் ஓடாத அடைத்த கடையில், மூட வரும் கதவு உள்ளே இருக்கும் காற்றை அழுத்திக்கொண்டுதான் வரவேண்டும். கடைசி நாலு விரலில் அந்தக் காற்று எதிர்த்து நிற்கும். சோதிப்பது சுலபம். காலையில் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசல் கதவை விட்டுப் பாருங்கள். மூடிக்கொண்டால் குறுக்கே நின்றது காற்று. மதியம் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். அறைவது குறைந்தால் அதற்கும் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் காற்றின் எதிர்ப்பையும் மீறி மூடும் பலம் மெஷினுக்கு இருந்திருக்க வேண்டும். அது ஏன் இல்லை? இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, கை. மெஷினின் கை இரண்டு துண்டு. மெஷினிலிருந்து வரும் பெரிய கை, அதையும் மேல் ஃப்ரேமையும் இணைக்கும் நீளம் மாற்றக்கூடிய சிறிய கை. உங்களுடையதுபோல் கதவு திறக்கும் பக்கத்திலேயே மெஷின் இருந்தால், கதவு மூடிய நிலையில் அந்தச் சிறிய கை கதவுக்கு நேர்ச் செங்குத்தாக, 90 டிகிரியில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நீளத்தைச் சரிசெய்துவிட்டு, பெரிய கையைச் சற்று இழுத்துப் பிடித்துத்தான் இரண்டையும் பூட்ட வேண்டும். அந்த இழுப்பால்தான் கதவு மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருக்கும்; கடைசி நாலு விரலுக்கு வேண்டிய பலம் அதுதான். பல கடைகளில் கை சாய்வாகக் கிடப்பதைப் பார்க்கிறேன். பெட்டியோடு வரும் அளவுத் தாளை ஒட்டித் துளை போடாமல் கண்மட்டத்தில் போட்டதன் விளைவு. கையைக் கழற்றும்போது கவனம் தேவை. ஸ்பிரிங் இழுப்பில் அது விசிறி அடிக்கும். முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, மெஷினின் அளவு. கடையில் "எத்தனை கிலோ கதவு?" என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அகலத்தைக் கேட்பவர்கள் குறைவு. ஐரோப்பியத் தரவிதி ஈ.என். 1154 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அளவு 3 என்பது 950 மில்லிமீட்டர் அகலம், 60 கிலோ வரை. அளவு 4 என்பது 1100 மில்லிமீட்டர், 80 கிலோ வரை. உங்கள் மூன்றரை அடி 1067 மில்லிமீட்டர். எடை 60 கிலோவுக்குள் இருந்தாலும், அகலத்தால் அந்தக் கதவு நாலாம் அளவுக்குப் போய்விடுகிறது. கதவு அகலமானால் அதைத் தள்ளும் காற்றுக்குப் பரப்பும் கூடும், நெம்பு தூரமும் கூடும். மெஷினின் பக்கவாட்டில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில மெஷின்களில் ஸ்பிரிங் பலத்தையே கூட்டக் கடைக்கோடியில் தனித் திருகு இருக்கும். இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், செலவில்லாமல் முடிந்துவிடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் மெஷின் கையைக் கழற்றிவிட்டுக் கதவை வெறுமனே ஆட்டிப் பார்க்க வேண்டும். கீல் தளர்ந்து கதவு தரையில் உரசினாலோ, ஓரத்து ரப்பர் மடிந்து தடுத்தாலோ, எந்த மெஷினும் உதவாது. பிறகு கையின் கோணம். அதன்பின் ஸ்பிரிங் பலம். திருகுகளைத் தொடுவது கடைசியில்தான். அதுவும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கதவை விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. திருகை முழுக்க வெளியே எடுத்துவிட்டால் எண்ணெய் பீறிட்டு வரும், மெஷின் அத்தோடு முடிந்தது. 90 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட மூடும்வரை ஐந்து வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதி கேட்பதும் அந்த ஐந்து வினாடிதான். கைத்தடியோடு வரும் பாட்டிக்கும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பையோடு வெளியேறும் பெண்ணுக்கும் அந்த நேரம் வேண்டும்.

மெஷின் மாற்றுவதாக முடிவானால், கடைக்கு உள்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். வெயிலும் மழையும் படாது. ஆனால் கதவு வெளியே திறப்பதால் உள்பக்கத்தில் கை கதவை ஒட்டி இணையாகக் கிடக்கும்படி மாட்டுவார்கள். அந்த வகையில் மூடும் பலம் குறையும். எனவே அப்படி மாட்டினாலும் அளவு 4 பலம் தருமா என்று பெட்டிக்குள் இருக்கும் குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

இனி விழுப்புரம் கிளினிக். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தரைக்குள் புதைத்த மெஷின்கள், ஃபிட்டர்கள் ஃப்ளோர் ஸ்பிரிங் என்பவை, சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. வெள்ளம் வடிந்தாலும் அந்தத் தரைப்பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் தானாக வடிய வழியில்லை. வண்டல் இறுகி, பெட்டியும் அச்சும் துருப்பிடித்து, கதவு நடுவுக்கு வராமல் நிற்கும்.

தம்பியிடம் முதலில் தரையில் தெரியும் ஸ்டீல் மூடியை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரின்மேல் எண்ணெய் படலம் மினுங்கினால் சீல் போய்விட்டது, மெஷினை மாற்ற வேண்டியதுதான். படலம் இல்லாமல் வெறும் சேறு என்றால் மெஷின் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். கதவைக் கழற்றி, மெஷினை வெளியே எடுத்து, பெட்டியைச் சுத்தமாகக் காயவைத்து, மெஷினை மறுபடி நேராக உட்காரவைத்தால் கதவு நடுவுக்கு வந்துவிடும். திரும்ப மூடும்போது, பெட்டிக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நீர்புகாத நிரப்பு மெழுகை ஊற்றச் சொல்லுங்கள். தினமும் தரை துடைக்கும் ஃபினாயில் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது.

கதவைக் கழற்றும் வேலையை ஒரு ஆளை வைத்துச் செய்ய வேண்டாம். அதுவும் கண்ணாடிக் கதவு என்றால், 12 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. மூன்றடிக்கு ஏழடிக் கதவு 58 கிலோவுக்கு வந்துவிடும். டஃபன்டு, அதாவது கடினப்படுத்திய, கண்ணாடி நடுவில் அடி தாங்கும், ஆனால் முனை தரையில் பட்டால் முழுதும் நொறுங்கும். இரண்டு பேர் பிடிக்க, கீழே மரப்பலகை போட்டு இறக்கச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் மாடிப்படிக்குத் தீத்தடுப்புக் கதவு இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். அது தானாக மூடிக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தீப்பிடித்தால் படிக்கட்டில் புகை ஏறாமல் காப்பது அந்தக் கதவுதான். போக வர வசதியாக இருக்கட்டும் என்று அதற்குக் கீழே செங்கல் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் கடைக் கதவுக்கு இப்போதைக்கு எண்ணெயும் வேண்டாம், புது மெஷினும் வேண்டாம். முதலில் கையின் கோணத்தைச் சரிசெய்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அதன் பிறகும் காலையில் நின்றால், கதவின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.