செத்தவீடும் பெற்றோல் வரிசையும்

அம்மா 2022 ஜூன் கடைசியில் இறந்தார். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுந்தான் இனி எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த கிழமை அது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் யாழ்ப்பாணத்துச் செட்டுகளில் வரிசைதான் இருந்தது, பெற்றோல் இல்லை. ஐயரை யார் சைக்கிளில் ஏற்றி வருவது, விறகுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் எங்கே எடுப்பது, கொழும்பிலிருந்து அண்ணா ரயிலில் வந்து சேரும்வரை உடலை எப்படி வைத்திருப்பது என்று யோசித்து முடிய முன்னம் அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மண்ணெண்ணெய் அப்போது 87 ரூபாய்தான். ஆனால் அதற்காக ஆட்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். அப்படி வாங்கியதில்தான் ஒழுங்கையிலுள்ள வீடுகள் ஒவ்வொன்றும் அரைப்போத்தல், கால்போத்தல் என்று கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் வைத்தன. ஒருவரும் "என்ன உதவி வேணும்?" என்று கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் தேங்காயோ மரக்கறியோ கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முற்றத்தைக் கூட்டுங்கள். "கடைசியா என்ன சாப்பிட்டவ?" என்ற விசாரணையை விட அது எவ்வளவோ மேல்.

பத்திர வேலையை அழுகை குறைந்த ஒருவரிடம் விடுங்கள். எங்களுக்கு மருமகன் கிடைத்தார். வீட்டில் நடந்த மரணமென்றால் முதலில் விதானையாரின் அறிக்கை, பிறகு பதிவாளர். அடையாள அட்டையிலும் பிறப்புப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். மரணப் பத்திரத்தின் பிரதிகள் பலவற்றை ஒரேயடியாக எடுத்து வையுங்கள். வங்கி கேட்கும், ஓய்வூதியம் கேட்கும், காணிக்காரன் கேட்பான்.

எட்டுச்செலவு முடிந்த கையோடு ஜூலை 9 வந்தது. கரண்ட் இருந்த நேரத்தில் பெடியள் போனைச் சுற்றி நின்று ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் குதிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியம்மா எட்டிப் பார்த்தார். "எங்களை ஓட ஓட விரட்டினவை. இப்ப தாங்கள் ஓடுகினம்" என்று சொல்லித் தானும் சிரித்தார். துக்க வீட்டில் சிரிப்பு வந்தால் அதட்டாதீர்கள், அதுவும் தேவைதான். ஆனால் எனக்கு அந்தச் சந்தோசம் பாதியில் நின்றுவிட்டது. 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஜனாதிபதி கோட்டா காஸுக்கும் பால்மாவுக்குமாகத்தான் ஓடவேண்டி வந்தது, முள்ளிவாய்க்காலுக்காக அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இதே மண்ணெண்ணெய்க்கு நாங்கள் அலைந்தபோது கொழும்பு வேறு நாடு மாதிரி இருந்தது. காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் அந்த வருடம் மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்ததை மறக்கவில்லை. மறக்காமலேதான் சந்தேகமும் பட்டேன்.

அன்றைக்கு வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்தோம். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும் அறைக்குள் அரசியல் இல்லை. விறாந்தையில் எவ்வளவும் பேசலாம். இல்லாவிட்டால் வருகிறவர்கள் எல்லாரும் கோட்டாவைப் பற்றியே பேசிவிட்டுப் போவார்கள். அம்மாவைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

அந்த ஒழுங்கு கல்வெட்டு எழுதும்போது உடைந்தது. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். அச்சகத்தில் கடதாசி விலையைக் கேட்டதும் பக்கங்களைக் குறைத்தோம். குறைத்தது நல்லதாய்ப் போயிற்று: எல்லாக் கல்வெட்டிலும் வருகிற புலம்பல் பாக்களைத் தூக்கிவிட்டு, அம்மா 1995 ஒக்டோபர் 30 இரவு இடப்பெயர்வில் எங்களை நாவற்குழிப் பாலத்தால் கூட்டிப்போன கதையை எழுத இடம் கிடைத்தது. சிக்கல் சகோதரர் பட்டியலில் வந்தது. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவது வழக்கம். சின்ன மாமாவுக்கு என்ன போடுவது? 2009 மேயில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

"அதுகளை எழுதாதை தம்பி, பிறகு வந்து விசாரிப்பாங்கள்" என்றார் ஒரு உறவினர். போர் முடிந்து பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் ஒரு கல்வெட்டுக்கு அந்தப் பயம். இன்னொருவர் "காலஞ்சென்ற எண்டு போட்டால் பிரச்சினை இல்லை" என்றார். காணாமற்போனவர் என்று சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் வந்தது. அம்மா அதையும் வாங்க விடவில்லை, மரணப் பத்திரத்தையும் வாங்க விடவில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் இருக்கும் தாய்மார் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: ஆள் எங்கே? அம்மாவை நாங்கள் குளிப்பாட்டினோம், கொள்ளி வைத்தோம், கீரிமலையில் சாம்பல் கரைத்தோம். மாமாவுக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக அச்சடிக்க முடியாது.

முன்னால் ஒன்றும் போடாமல் மாமாவின் பெயரை மட்டும் அச்சிட்டோம். இதுவரை ஒருவரும் வந்து விசாரிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருந்தால், அதை எப்படி எழுதவேண்டும் என்று மூத்தவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். அச்சகக்காரர் வாசலில் நிற்கும்போது எடுக்கிற முடிவல்ல அது.