கம்பியில்லாத கதவு



இரவில் கடையடைக்கும்போது பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்கிறோம். கல்லாவருகே உள்ள கம்ப்யூட்டரின் புளூடூத்தை யார் பார்க்கிறோம்? அதுவும் ஒரு கதவே. அதன் அலை சுவரோடு நிற்பதில்லை. பத்து மீட்டரும் அதற்கு மேலும் செல்லும். ஜொகூர் பாருவின் கடை வரிசைகளில் அது ஐந்தடி நடைபாதைக்கும் அடுத்த கடைக்கும் எட்டும் தூரமாகும்.

இது வீண் அச்சமன்று. 2016ஆம் ஆண்டில், கம்பியில்லா மவுஸ் சிலவற்றுக்காகக் கம்ப்யூட்டரில் செருகும் சிறு ரிசீவர் வழியே, நூறு மீட்டர் தொலைவிலிருந்தும் பிறர் கட்டளைகளைத் தட்டச்சிட இயலும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். 2017ஆம் ஆண்டில் ‘புளூபோர்ன்’ எனும் எட்டுக் குறைகள் வெளிப்பட்டன. புளூடூத் திறந்திருந்தால் போதும். உடையவரின் அனுமதியின்றியே பல ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கருவிகளைக் கைப்பற்ற முடிந்தது.

நாம் செய்ய வேண்டுவன:

1. வேலை முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுக.
2. அறியாத பெயரில் வரும் இணைப்பை ஏற்கற்க.
3. அப்டேட்டைத் தள்ளிப்போடற்க, புளூபோர்ன் குறைகள் அதனாலேயே அடைக்கப்பட்டன.
4. கல்லாக் கம்ப்யூட்டருக்குக் கம்பியுள்ள மவுஸே மேல்.

பற்றுவரவில் இருப்பது நம் கணக்கு மட்டுமன்று. வாடிக்கையாளர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதமுமாகும்.