வீட்டுச் செலவைக் குறைத்து வியாபாரக் கடனை அடைப்பது எப்படி?

வியாபாரத்தில் கடன் இருப்பது புதினமான விடயமல்ல. மொத்த வியாபாரியிடம் பொருளைக் கடனுக்கு எடுத்து, விற்று, தவணைக்குப் பணத்தைக் கொடுப்பது எமது கடைவீதிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். அந்தக் கடனுக்கு எதிரே கடையில் பொருள் இருக்கும். பொருள் விற்றதும் கடன் தீரும். ஆனால் இன்று பல சகோதரர்கள் சுமந்து கொண்டிருக்கும் கடன் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. கொடுக்க வேண்டிய தொகை ஐந்து இலட்சம் என்றால், கடையில் இருக்கும் பொருளின் பெறுமதி இரண்டு இலட்சத்தைத் தாண்டாது. மீதி மூன்று இலட்சம் எங்கே போனது?

பல வருடங்களாகச் சிறு கடைகளின் கணக்குகளைப் பார்த்து வருபவன் என்ற வகையில், இந்தக் கேள்விக்கு நான் அதிகமாகக் கண்ட விடை ஒன்றுதான். அது வீட்டுக்குப் போயிருக்கிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த நிலையை மேலும் மோசமாக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் சுமார் 70 வீதத்தைத் தொட்டது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலைகளோ பெரும்பாலும் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாக உயர்ந்தது. முன்னர் ஐந்து இலட்சம் முதலில் நிரம்பியிருந்த இறாக்கைகள் அதே தொகையில் பாதியாகக் காலியாகிவிட்டன. வீட்டுச் செலவு மட்டும் பழைய பழக்கத்தில், புதிய விலையில் தொடர்ந்தது.

இலாச்சியில் இருப்பது யாருடைய பணம்?

மாதச் சம்பளம் எடுப்பவருக்குத் தனது எல்லை தெரியும். இருபதாம் திகதி கையில் பணம் இல்லை என்றால் இல்லைதான். வியாபாரிக்கு அப்படியல்ல. ஒவ்வொரு நாளும் இரவில் இலாச்சியைத் திறந்தால் பணம் இருக்கும். அதுதான் எமக்குள்ள வசதி, ஆபத்தும் அதுவே.

எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடையின் கணக்கை இங்கே எடுத்துக் கொள்கிறேன். உரிமையாளரின் அனுமதியுடனேயே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். நாளொன்றுக்குச் சராசரியாக 65,000 ரூபா விற்பனை. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 16,90,000 ரூபா. மொத்த இலாபம் நூற்றுக்குப் பத்து என்ற வகையில் 1,69,000 ரூபா. கடை வாடகை, ஊழியர் சம்பளம், மின்சாரம், ஏற்றுக்கூலி, அடகிலுள்ள நகைக்கான மாத வட்டி எல்லாமாக 79,000 ரூபா. மீதி 90,000 ரூபா.

அதாவது 65,000 ரூபா விற்ற நாளில் அவருக்கு உரியது ஏறக்குறைய 3,460 ரூபா மட்டுமே. 58,500 ரூபா பொருளின் கொள்விலை. பெரும்பகுதி மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டியது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது 65,000. அதிலிருந்து இரவுக் கொத்துக்கு 2,500 ரூபா எடுப்பது பெரிதாகத் தோன்றாது. அந்த நாளின் உண்மையான வருமானத்தில் பத்தில் ஏழு பங்கு அந்தப் பார்சலோடு போய்விடுகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இவரது வீட்டுச் செலவை நாங்கள் முதன்முதலாகக் கணக்கிட்டபோது அது மாதம் 1,12,000 ரூபாவாக இருந்தது. வருமானம் 90,000. மாதாந்தத் துண்டு 22,000. இரண்டு வருடத்தில் இது 5,28,000 ரூபா. அவரது மொத்தக் கடன் எவ்வளவு தெரியுமா? 5,40,000 ரூபா. பின்திகதியிட்ட காசோலைகளாக 2,40,000, மனைவியின் நகையை அடகு வைத்தது 1,80,000, மச்சானிடம் கைமாற்று 90,000, பக்கத்துக் கடையில் 30,000. "வியாபாரம் விழுந்துவிட்டது" என்றே அவர் அதுவரை சொல்லிக் கொண்டிருந்தார். கடை நட்டத்தில் ஓடவில்லை என்பதை அன்றுதான் கண்டார்.

வீட்டில் மிஞ்சும் ஒரு ரூபா

கடன் வந்தால் வியாபாரியின் மனம் முதலில் விற்பனையைக் கூட்டத்தான் நினைக்கும். அது நல்ல எண்ணமே. ஆயினும் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து இலாபமுள்ள கடையில் மேலதிகமாக 34,000 ரூபா உழைக்க வேண்டுமானால் மேலதிகமாக 3,40,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். நாளொன்றுக்கு 13,000 ரூபா. இருக்கும் விற்பனையில் ஐந்திலொரு பங்கு. அதற்குரிய பொருளையும் மீண்டும் கடனுக்கே எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் மிச்சம் பிடிக்கும் 34,000 ரூபாவுக்கோ முதலும் தேவையில்லை, புதிய வாடிக்கையாளரும் தேவையில்லை. இத்தகைய கடைக்கு வீட்டில் மிஞ்சும் ஒரு ரூபா, கடையில் பத்து ரூபா விற்பனைக்குச் சமன்.

முதல் வேலை கொப்பி

எதையும் குறைப்பதற்கு முன் ஒரு மாதம் எழுத வேண்டும். சாதாரணக் கொப்பி என்றாலும் போதும். வீட்டுக்குப் பணமாகப் போனது ஒரு நிரல், கடையிலிருந்து பொருளாகப் போனது ஒரு நிரல், நீங்களே வெளியில் செலவழித்தது ஒரு நிரல். இரண்டாவது நிரல்தான் பலருக்கு அதிர்ச்சி தரும். சொந்தக் கடைப் பால்மா, பிஸ்கட், சவர்க்காரம் எல்லாம் இலவசம் என்ற எண்ணம் எமது வீடுகளில் உண்டு. அவற்றுக்கும் மொத்த வியாபாரி காசோலையை வங்கியில் போடுவார். கொள்விலையில் எழுதிவிடுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆன் (2:282) விரிவாகவே அறிவுறுத்துகிறது. கொடுத்த கடனைச் சிட்டையில் எழுதும் நாம், எடுத்த கடனை மனதில் மட்டும் வைத்திருக்கிறோம். கொப்பியின் பின்பக்கத்தில் அதையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போது.

இந்த வேலையை மனைவியுடன் அமர்ந்து செய்ய வேண்டும். நகை அடகில் இருப்பது அவருக்குத் தெரியும். எத்தனை காசோலை வெளியில் இருக்கின்றது என்பது பெரும்பாலும் தெரியாது. கஷ்டத்தை மறைத்துக்கொண்டு "செலவைக் குறை" என்றால் அது ஏச்சாகவே கேட்கும். கணக்கைக் காட்டினால் அவரே வழி சொல்வார். நான் குறிப்பிட்ட குடும்பத்தில் பாதிக்கு மேற்பட்ட யோசனைகள் அந்தச் சகோதரியிடமிருந்தே வந்தன.

எங்கே குறைத்தார்கள்?

1. வெளிச்சாப்பாடு: வாரத்தில் மூன்று நாள் கொத்து, புரியாணி, தினமும் கடைக்கு மாலை ரோல்ஸ், பற்றிஸ். இதை மாதம் இரண்டு தடவையாக்கி, மாலைத் தேநீரையும் கடியையும் வீட்டிலிருந்து அனுப்பினார்கள். மிச்சம் 8,500 ரூபா.

2. கடைப் பொருட்கள்: தேவைப்படும் போதெல்லாம் பிள்ளைகள் வந்து எடுப்பது நின்றது. வாரம் ஒருமுறை பட்டியல் எழுதி, நிறுத்து, கொப்பியில் பதிந்து எடுக்கிறார்கள். மிச்சம் 7,000 ரூபா.

3. விருந்தும் அன்பளிப்பும்: கலியாணம், கத்னா, வீடு குடிபுகல் என்று மாதமொன்று தவறாது. போவதை நிறுத்தவில்லை, கையில் கொடுக்கும் தொகைக்கு ஓர் எல்லை வைத்தார்கள். பெருநாள் உடுப்புக்கு நோன்பின் கடைசி வாரத்தில் ஓடாமல் முன்னரே எடுத்தார்கள். மிச்சம் சராசரியாக 6,000 ரூபா.

4. போக்குவரத்து: கால் மணி நேர நடைத் தூரத்துக்கும் ஓட்டோ, வீட்டுக்கும் கடைக்கும் நாலு தடவை மோட்டார் சைக்கிள். பகல் சாப்பாட்டைக் காலையிலேயே கொண்டுவந்தார். மிச்சம் 4,500 ரூபா.

5. மீன், இறைச்சி, மரக்கறி: சந்தை நாளில் ஒரேயடியாக வாங்குவது, இறைச்சியை வாரம் இரண்டு நாளாக்குவது, மற்ற நாட்களில் முட்டை, பருப்பு, சிறுமீன். மிச்சம் 3,000 ரூபா.

6. மின்சாரம்: இதைச் சற்று விளக்க வேண்டும். எமது வீட்டு மின்கட்டணம் பல வருடங்களாகப் படிமுறையில் அமைந்தது. பாவனை கூடும்போது அலகின் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் 60 அலகுக்கும் கூடிய விலையே அறவிடப்படும். எனவே ஒரு படியின் எல்லையை ஓரிரு அலகால் தாண்டுவதுதான் வீண் நட்டம். மீட்டர் வாசிக்கப்பட்ட நாளைக் குறித்துக்கொண்டு, பத்தாம் நாளும் இருபதாம் நாளும் நீங்களே வாசித்துப் பாருங்கள். மீதி நாட்களுக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பது தெரியும். இவர்கள் வாரம் ஒருமுறை மட்டும் துணி அழுத்தி, சுடுநீர் இயந்திரத்தை நிறுத்தி, பழைய மின்குமிழ்களை எல்.ஈ.டி.க்கு மாற்றி ஒரு படி கீழே வந்தார்கள். மிச்சம் 3,000 ரூபா.

7. தொலைபேசியும் தொலைக்காட்சியும்: வீட்டில் நால்வருக்கும் தனித்தனி டேட்டா பக்கேஜ், அத்துடன் யாரும் பார்க்காத கட்டணச் சனல்கள். மிச்சம் 2,000 ரூபா.

மொத்தம் 34,000 ரூபா. ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் தொகைதான். பெரிய செலவு என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லாத வீடு, மாதம் 34,000 ரூபா அதிகமாகச் செலவழித்துக் கொண்டிருந்தது.

குறைக்கக் கூடாதவை

வயதான பெற்றோரின் மருந்தில் கைவைக்காதீர்கள். நீரிழிவு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பவரைக் கண்டிருக்கிறேன். அது பின்னர் பல மடங்காகத் திரும்பி வரும். பிள்ளைகளின் பால், முட்டை, படிப்பு அப்படியே இருக்கட்டும். கடை ஊழியரின் சம்பளத்தைப் பிந்திக் கொடுப்பது செலவுக் குறைப்பல்ல, அது இன்னொரு கடன். கடைப் பொருளின் தரத்தைக் குறைத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்.

மிச்சம் கடனுக்குப் போய்ச் சேர வேண்டும்

செலவைக் குறைத்தும் கடன் குறையவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மிச்சமான பணம் இலாச்சியிலேயே கிடந்து வேறு வழியில் கரைந்திருக்கும். எனவே கடையையும் வீட்டையும் பிரிக்க வேண்டும். இந்தக் கடையில் வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 2,600 ரூபா என்று தீர்மானித்தோம்; மாதம் 78,000. வாரம் ஒருமுறை 18,200 ரூபா மனைவியின் கையில் கொடுக்கப்படும். அதன் பிறகு இலாச்சியில் கை வைப்பதில்லை. கடை திறக்கும் ஒவ்வோர் இரவும் 460 ரூபா தனிப் பெட்டிக்குப் போகும். மாதத்தில் சுமார் 12,000.

இங்கே பொறுமை தேவை. முதல் இரண்டு மாதங்களில் அவர்களால் 22,000 ரூபா வரைதான் குறைக்க முடிந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டும் கடன் ஒரு ரூபாவும் குறையவில்லையே என்று சோர்ந்து போனார்கள். உண்மையில் அந்த 22,000 ரூபா பானையின் ஓட்டையை அடைத்தது. இரண்டு வருடங்களின் பின் முதல் தடவையாகக் கடன் கூடாத மாதங்கள் அவை. ஓட்டை அடைபட்ட பிறகே நீர் நிற்கும். மூன்றாம் மாதத்திலிருந்துதான் 12,000 ரூபா மிஞ்சியது. பாவனையில்லாத இரண்டாவது மோட்டார் சைக்கிளையும் தேங்கிக் கிடந்த பொருட்களையும் விற்றதில் 1,20,000 ரூபா கிடைத்தது.

எந்தக் கடனை முதலில்?

காசோலையை முதலில் அடையுங்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுத்து அது திரும்புவது குற்றமாகும். அதைவிட, திரும்பிய காசோலையின் செய்தி கடைவீதி முழுவதும் ஒரே நாளில் பரவும். அடுத்தது அடகு. வட்டியிலிருந்து விடுபட வேண்டும் என்பது ஒருபுறம். காலம் கடந்தால் நகை ஏலத்துக்குப் போகும் என்பது மறுபுறம். தங்கம் விலை ஏறியதும் அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்ற ஆசை வரும். அந்தப் பக்கம் போகவே கூடாது.

கைமாற்றுத் தந்தவர்களைக் கண்டு ஒளியாதீர்கள். நேரில் போய்க் கணக்கைக் காட்டி, எப்போது முடியும் என்று உண்மையைச் சொல்லுங்கள். இந்தக் குடும்பத்தின் மச்சான் கொப்பியைப் பார்த்துவிட்டு, "காசோலைகளை முடியுங்கள், என்னுடையது கடைசியில் பார்ப்போம்" என்றார். ஆறு மாதமாக முகம் கொடுக்காமல் திரிந்தவர்கள் அன்று ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள்.

மிச்சம் பிடிக்கத் தொடங்கி இப்போது பதினான்கு மாதங்கள். 2,88,000 ரூபா அடைபட்டுவிட்டது. காசோலைகள் முடிந்தன, பக்கத்துக் கடை முடிந்தது, அடகில் 18,000 குறைந்திருக்கிறது. இன்னும் 2,52,000 ரூபா இருக்கிறது. இதே வேகத்தில் 21 மாதம் எடுக்கும். குறுக்கு வழி எதுவும் இதில் இல்லை.

வாசகர்கள் இன்று இரவு கடையைப் பூட்டுவதற்கு முன் மூன்று தொகைகளை எழுதிப் பாருங்கள்: இன்றைய விற்பனை, அதில் உங்களுக்குரிய இலாபம், இன்று வீட்டுக்குப் போனது. மூன்றாவது தொகை இரண்டாவதை விடக் கூடுதலாக இருந்தால், உங்கள் வீடு இன்று மொத்த வியாபாரியின் பணத்தில் சாப்பிட்டிருக்கிறது. நாளைக் காலையே கொப்பியை வாங்குங்கள்.