தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. ஆகும். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இக்காரை உயர்த்தி, அடியில் படுத்து வேலை செய்பவரின் உயிரைக் காப்பது எது?

ஜாக்கி என்று பலர் எண்ணுவர். அது தவறு. பாஸ்கல் விதிப்படி, பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப்போல் 20 மடங்கானால் விசையும் 20 மடங்காகும். ஆகவே ஹைட்ராலிக் ஜாக்கி எளிதாகத் தூக்கிவிடும். ஆனால் உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் கார் இறங்கிவிடும். ஸ்டாண்டில் எண்ணெய் இல்லை. இரும்பே பாரத்தைத் தாங்குகிறது.

பின்புறத்தை உயர்த்தும் முறையைக் காண்போம். சமமான, கெட்டியான தரையில் காரை நிறுத்த வேண்டும். இதன் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவை தரையை விட்டு எழுந்ததும் அதனால் பயனில்லை. ஆதலால் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

இக்காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவின் கீழுள்ள பெட்டி போன்ற விளிம்பே உடலுக்கு வலிமை தருகிறது. பழைய கார்களில் அது உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கலாம். அங்கே ஜாக்கி வைத்தால் தகடு நசுங்கிவிடும். எனவே பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டியின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சின் இரு பக்கமும் பிரேக் குழாய் நசுங்காதபடி ஸ்டாண்டுகளை வைத்து, மெதுவாக இறக்க வேண்டும்.

பின்னர் காரைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாது நின்றால் மட்டுமே அடியில் செல்லலாம். பதறாத காரியம் சிதறாது அன்றோ!