பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரைப் பாரு

தங்கச்சி, "நெட்டு இழுக்கவே மாட்டேங்குது, 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிரவா அக்கா"ன்னு கேட்டிருந்தல்ல. இப்ப மாறாத. மாசா மாசம் கூடக் காசு கட்டி, அந்த வேகம் வீட்டு நடையோட நின்னுபோச்சுன்னா என்ன பிரயோஜனம்? அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, பந்தல்குடி, திருச்சுழின்னு ஃபைபர் வந்த வீடுகள்ல நான் பார்த்தவரைக்கும், குறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. மோடம், ரவுட்டர், லேன் கேபிள் மூணுல ஒண்ணு 100-ல நின்னாப் போதும், நீ 300 வாங்கினாலும் 1000 வாங்கினாலும் கடைசியில கைக்கு வர்றது 100-தான். கண்மாய் மறுகால் போற அளவுக்குப் பெருகிக் கிடந்தாலும், மடை எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணிதானே வயலுக்கு?

ஒரு சின்னக் கணக்கை மட்டும் முதல்ல மனசுல வாங்கிக்க. கம்பெனிக்காரங்க வேகத்தைச் சொல்றது மெகாபிட்ல. நீ படம் இறக்கும்போது கம்ப்யூட்டர் காட்டுறது மெகாபைட்ல. எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். அதனால 100 எம்பிபிஎஸ் லைன்ல நொடிக்கு 12 மெகாபைட் வந்தா அது முழு வேகம். "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டுதான் குடுக்கிறான்"னு கேபிள்காரர்கிட்டச் சண்டைக்குப் போயிராத. அவர் மேல தப்பு இல்ல.

அடுத்து அளந்து பாரு. போன்ல வைஃபையில ஸ்பீடு டெஸ்ட் போட்டு முடிவெடுக்காத. சுவரு, தூரம், போனோட வயசு எல்லாம் அந்த நம்பருக்குள்ள கலந்திருக்கும். லேப்டாப்பை லேன் கேபிள்ல நேரா மோடத்துல சொருகு, வீட்டுல மத்த போன், டிவி எல்லாத்தோட வைஃபையையும் அணைச்சுட்டு டெஸ்ட் போடு. விடிகாலையில ஒரு தடவை, ராத்திரி சீரியல் நேரத்துல ஒரு தடவை. ரெண்டையும் பேப்பர்ல எழுதி வை.

அந்த நம்பர் 93-லேர்ந்து 95-க்குள்ள அசையாம நின்னா, நீ வாங்கியிருக்கிறது 150 இல்ல 200 பிளானா இருந்தா, குறை எங்கேன்னு தொண்ணூறு சதவீதம் தெரிஞ்சுபோச்சு. வழியில எங்கேயோ ஒயர் சொருகுற ஓட்டை ஒண்ணு 100 எம்பிபிஎஸ்ல நிக்குது. நூறுல அஞ்சு எங்க போச்சுன்னு கேப்ப. ஒவ்வொரு பொட்டலம் டேட்டாவோடயும் யாருக்குப் போகணும், யார்கிட்டேர்ந்து வருதுன்னு விலாசம் மாதிரி விஷயங்களும் சேர்ந்து போகுது. அதுக்குப் போற இடம் அந்த அஞ்சு. இதே மாதிரி 1000 எம்பிபிஎஸ் ஓட்டையில நல்லா வந்தா 930, 940 காட்டும். 95-ஐத் தாண்டி 120, 150-ன்னு வந்தா உன் ஒயர் வழி சுத்தமா இருக்குன்னு அர்த்தம்.

இந்த 100 எங்கேர்ந்து வருதுன்னா, 1995-ல வந்த ஃபாஸ்ட் ஈதர்நெட்டோட அளவு அது. 1999-ல செம்பு ஒயர்லயே 1000 வரைக்கும் போற கிகாபிட் வந்திருச்சு. ஆனா 100 ஓட்டை வச்சுச் செய்றது மலிவு. அதனால இன்னைக்கும் புதுப் பெட்டிகள்ல அதைப் போட்டு விக்கிறாங்க. ஃபைபர் மோடத்தைத் திருப்பிப் பாரு. நிறைய மோடத்துல ஒரு ஓட்டை மட்டும் கிகாபிட்டா இருக்கும், மத்தது 100-ஆ இருக்கும். கிகாபிட் ஓட்டை பக்கத்துல ஜிஇன்னோ லேன் 1-ன்னோ போட்டிருக்கும். எஃப்இன்னு போட்டிருந்தா அது 100. கனெக்‌ஷன் குடுக்க வந்த பையன் அவசரத்துல கைக்கு வந்த ஓட்டையில சொருகிட்டுப் போயிருப்பான். ஒயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில மாட்டுறதுலயே சில வீட்டுல காரியம் முடிஞ்சுரும், பத்துப் பைசா செலவில்லாம.

ரவுட்டர் வாங்குறப்ப இன்னும் கவனமா இரு. பெட்டியில பெருசா "ஏசி 1200"ன்னு அச்சடிச்சிருக்கும். பார்க்கிறவங்க 1200 எம்பிபிஎஸ் வரும்னு நம்பிருவாங்க. அது ரெண்டு வைஃபை அலைவரிசையோட ஏட்டுக் கணக்கு, 300-ஐயும் 867-ஐயும் கூட்டிச் சொல்ற நம்பர். பின்னாடி ஒயர் ஓட்டை 10/100-ஆ இருந்தா, உள்ள நுழையறதே 100-தான். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 ரெண்டுமே 1200 வகைதான். சி50-ல ஓட்டை எல்லாம் 100, சி6-ல கிகாபிட். கடையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். பெட்டியோட பக்கவாட்டுல 10/100/1000-ன்னு மூணு நம்பர் இருக்கான்னு பாத்துட்டுத்தான் காசைக் குடுக்கணும். உன் பிளான் 100-க்குக் கீழன்னா மலிவானதே தாராளம், அதிகக் காசு போடாத.

இனிமே கேபிள். இதுலதான் நம்ம பக்கம் அதிகமா ஏமாறுறோம். லேன் கேபிளுக்குள்ள எட்டுக் கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கி நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்க்கு ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். அதனால மீதி ரெண்டு ஜோடியில ஒரு கம்பி பிளக்குல சரியா உக்காரலன்னாலோ, அணில் கடிச்சு அறுத்திருந்தாலோ நெட்டு நிக்காது. சத்தமில்லாம 100-க்கு இறங்கி ஓடிக்கிட்டிருக்கும், நீயும் பிளானைத்தான் திட்டிக்கிட்டிருப்ப. சில இடத்துல ஒயரை மிச்சம் பிடிக்க நாலு கம்பியை நெட்டுக்கும் மீதி நாலைக் கேமராவுக்கும் பிரிச்சுக் குடுத்துருவாங்க. அதுவும் 100-தான்.

லேப்டாப்லயே இதைப் பாத்துக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அதுக்குள்ள ஈதர்நெட் போனா லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும். 1000/1000-ன்னு இருந்தா நாலு ஜோடியும் பேசுது. 100/100-ன்னு இருந்தா வேற கேபிள் மாட்டிப் பாரு. அப்பவும் மாறலன்னா ஓட்டைதான் காரணம், இல்ல லேப்டாப்போட ஓட்டையே 100-ஆ இருக்கும். பழைய லேப்டாப்புக்கு அதை மறக்காம பாத்துரு.

கேபிள் வாங்கும்போது மேல கேட் 5ஈ இல்ல கேட் 6-ன்னு அச்சடிச்சிருக்கணும். உள்ளே முழுச் செம்புக் கம்பியான்னு கேளு. செம்பு பூசின அலுமினியக் கம்பி விலை கம்மி, ஆனா ஒடியும், தூரம் போனா தொல்லை குடுக்கும். ஒரு நுனியைப் பிளேடால சுரண்டு. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம், கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துரு.

உங்க வீட்டுல தறிக்கூடம் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கு. அங்கேர்ந்து மாப்பிள்ளை சேலையை வீடியோவுல காட்டி ஆர்டர் எடுக்கிறார். அதுக்கு நெட்டு கட்டாயம் போகணும். லேன் கேபிள் ஒரே இழுப்புல 100 மீட்டர் வரைக்கும்தான். அதைத் தாண்டினா உத்தரவாதம் இல்ல. வெயில்ல கிடந்தா சாதாரணக் கேபிளோட மேல்தோல் வெடிச்சுரும், வெளியே போடுறதுக்குன்னே கறுப்புத் தோல் கேபிள் இருக்கு. ஆனா எனக்கு அதைவிடப் பயம் இடிதான். செம்புக் கம்பி ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல வெளியே ஓடினா, பக்கத்துல மின்னல் விழுந்தாக்கூட அது வழியா வந்து ரெண்டு பக்கத்துப் பெட்டியையும் சுட்டுரும். ஐப்பசி மழை நேரத்துல பொட்டக்காட்டுல தனியா நிக்கிற வீட்டுக்கு இது விளையாட்டு இல்ல. அந்தத் தூரத்துக்கு ஃபைபரே இழுத்து, ரெண்டு நுனியிலயும் ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கிற மீடியா கன்வெர்ட்டர் போட்டுக்க. கண்ணாடி இழையில கரண்டு பாயாது. ஃபைபர்லயே உலோகக் கம்பி கோத்த வகையும் உண்டு, அது வேணாம்னு சொல்லிரு. கன்வெர்ட்டர்லயும் 100 வகை, கிகாபிட் வகைன்னு ரெண்டு இருக்கு. தறிக்கூடத்துக்கு 100 போதும்.

வைஃபையைப் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டிப் போகும், ஆனா வேகம் கம்மி. 5 அலைவரிசை வேகமாப் போகும், ஆனா நம்ம ஊர் கல்லுச் சுவரு ரெண்டைக் கடந்தா களைச்சுரும். வைஃபை பேருக்குப் பின்னாடி 5ஜின்னு காட்டுறது இந்த அலைவரிசை, செல்போன் 5ஜி இல்ல. ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னாடியும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒட்டின மாடத்துலயும் வைக்காத. பல ரவுட்டர்களுக்குக் கம்பெனி போடுற எல்லையே 40 டிகிரிதான். சித்திரை மாசத்துக் கூரைக்கடியில அது எங்க நிக்கும்?

இப்ப வீட்டுக்கு வெளியே. 100 பிளான்ல காலையில 95 வந்து, ராத்திரி எட்டு மணிக்கு 20 வந்தா, உன் ஒயர்ல தப்பில்ல. ஃபைபர் உனக்கு மட்டும் தனியா வர்றதில்ல. ஜிபான் வகையில ஒரு லைன்ல கீழ வர்ற மொத்த வேகம் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ், மேல போறது அதுல பாதி. அதை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சு விடுறாங்க. ஈபான் வகைன்னா மொத்தமே 1 ஜிபிபிஎஸ்தான். அதுக்கும் மேல, கேபிள்காரர் மதுரைப் பக்கத்துலேர்ந்து எவ்வளவு வாங்கி வச்சிருக்கார்ங்கிறது ஒண்ணு இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல படம் பார்த்தா இறங்கத்தான் செய்யும். நீ எழுதி வச்ச பேப்பரை அவர்கிட்டக் காட்டிக் கேளு, வெறும் வாயில கேட்டா நிக்காது. 300 பிளானுக்கு மாறினாலும் இந்த ராத்திரி நெரிசல் அப்படியேதான் இருக்கும். ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வர்ற பாரத்நெட் ஃபைபருக்கும் இதே கணக்குதான். தமிழ்நாட்டுல அந்த வேலையைப் பாக்குற டான்ஃபிநெட் கம்பெனி 12,525 ஊராட்சிக்கும் இழுக்கிற லைனுக்கு 1 ஜிபிபிஎஸ்னு சொல்றது ஊராட்சிக்கு, உன் வீட்டுக்கு இல்ல.

சரி, உனக்கு எவ்வளவுதான் வேணும்? நெட்ஃபிளிக்ஸே சொல்ற கணக்கு, ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. வீடியோ மீட்டிங்குக்கு 4 இருந்தா நல்லாவே ஓடும். உன் வேலை மீட்டிங் ஒண்ணு, பிள்ளைக ரெண்டு பேருக்கும் பாடம், அத்தைக்கு டிவி, தறிக்கூடத்துல வீடியோன்னு எல்லாம் ஒரே நேரத்துல ஓடினாலும் 30-ஐ ஒட்டித்தான் வரும். 50 பிளான் தாராளம், 100 ரொம்பத் தாராளம். அரசாங்கம் பிராட்பேண்டுன்னு ஒத்துக்கிற கீழ்மட்ட வேகமே 2004-ல 256 கேபிபிஎஸ்ஸா இருந்தது, 2023 ஜனவரியிலதான் 2 எம்பிபிஎஸ் ஆச்சு. பிளான் பேப்பர்ல நான் முதல்ல பார்க்கிறது அந்த மாசத்து டேட்டா அளவும், அது தீர்ந்தப்புறம் வேகம் எத்தனைக்கு இறங்கும்ங்கிற வரியும்தான். 25-ஆம் தேதிக்கு மேல மட்டும் நெட்டு படுக்குதுன்னா அதுதான் விஷயம்.

மோடத்துல சிவப்பு லைட் எரிஞ்சா ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டாத. ஃபைபர் எங்கேயோ மடங்கியிருக்கு, அறுந்திருக்கு. மெல்லிசான அந்த ஒயரைக் கூர்மையா மடக்கி ஆணியடிக்கக் கூடாது. சிவப்பு எரியாம விட்டு விட்டு வந்தா, கேபிள்காரரை ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தோட அளவைப் பாக்கச் சொல்லு. மைனஸ் 27 பக்கம் போயிருந்தா லைன் பலவீனம், மைனஸ் 20 சுத்தி இருந்தா நல்லது.

கரண்டு போற நேரத்துக்கு மினி யூபிஎஸ் வாங்குறதா இருந்தா, மோடத்து அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட் அப்படியே ஒத்துப்போகணும். ஆம்பியர் சமமாவோ கூடுதலாவோ இருக்கலாம், கம்மியா இருக்கக் கூடாது. ரவுட்டர் தனியா இருந்தா அதுக்கும் சேர்த்துப் பாரு, மோடம் மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்து பிரயோஜனமில்ல.

எல்லாத்தையும் பாத்துட்டு, ஒயர் வழி கிகாபிட்டா இருந்தும் பத்தலன்னாத்தான் பிளானை ஏத்து. ஏத்துற அன்னைக்கு வர்ற பையனை, கிளம்புறதுக்கு முன்னாடி, "தம்பி, உங்க லேப்டாப்பை ஒயர்ல மாட்டி, புது வேகத்தை எனக்குக் காட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லு. கூச்சப்படாத, காசு குடுக்கிறது நீ.