சிங்கப்பூர் பெர்மிட் சம்பளம்: காதில் விழுவதும் காகிதத்தில் இருப்பதும்

சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் எழும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு போட்டிருக்கான்?" என்பதுதான். பதில் பெரும்பாலும் யாரோ சொல்லி யாரோ கேட்டதாகவே வந்து சேர்கிறது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி மகனை அனுப்பும் குடும்பம் அந்தப் பதிலை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. அதனால் அந்தப் பதில்களில் சிலவற்றைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்துவிடுவோம்.

"அரசாங்கமே குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கு, அதுக்குக் கீழே போகாது"

எல்லா வேலைக்குமான பொதுக் குறைந்தபட்சச் சம்பளம் சிங்கப்பூரில் இல்லை. நிறுவனம் எந்த வகை அனுமதிக்கு விண்ணப்பிக்கிறது என்பதைப் பொறுத்தே விதி மாறும். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரி 1 முதல் மாதம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் 3,300 வெள்ளி. நிதித்துறை என்றால் இரண்டுமே இன்னும் கூடுதல். இவை இளவயதினருக்கான தொடக்க எண்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வயது ஏற ஏற வரம்பும் ஏறும். 45 வயதுக்காரருக்கு எஸ் பாஸ் வேண்டுமென்றால் 4,800 வெள்ளி காட்டியாக வேண்டும்.

கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் நம்மவர்கள் பெருமளவில் போவது வொர்க் பெர்மிட்டில். அதற்கு இப்படி ஒரு சம்பள வரம்பே கிடையாது. அங்கே அரசு பிடித்து வைத்திருப்பது இரண்டு கயிறுகளை: நிறுவனம் ஒவ்வொரு ஆளுக்கும் மாதந்தோறும் கட்டும் லெவி, எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்ற கோட்டா. அந்தக் கோட்டாவைக் கணக்கிடும்போது ஒரு சம்பள எண் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் அது 1,600 வெள்ளி ஆனது. ஆனால் அது உள்ளூர் ஊழியருக்கானது. அந்த அளவாவது சம்பளம் வாங்கும் உள்ளூர் ஊழியர்தான் கோட்டாவில் முழு ஆளாக எண்ணப்படுவார். அதைக் கேட்டுவிட்டு, பெர்மிட்டில் போகும் தம்பிக்கும் 1,600 உறுதி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்திய அரசு வளைகுடா முதலிய நாடுகளுக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச ஊதியமும் இங்கே உதவாது. அது குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கானது. மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை.

"எல்லாம் சேர்த்து மாசம் 1,200 வெள்ளி கைக்கு வரும்"

இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. "எல்லாம் சேர்த்து" என்பதற்குள் ஓவர்டைம் ஒளிந்திருக்கிறது. ஓவர்டைம் கிடைக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. மழை பெய்தாலோ, சைட் நின்றாலோ, ஒப்பந்தம் முடிந்தாலோ அது போய்விடும். மிஞ்சுவது அடிப்படைச் சம்பளம் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படியான கணக்கு இது: 600-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 வெள்ளி 15 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4 வெள்ளி 72 காசு. மாதத்துக்கு ஓவர்டைம் வரம்பு பொதுவாக 72 மணி நேரம். அத்தனையும் செய்தால் 340 வெள்ளி சேரும். மொத்தம் 940. நிறுவனம் கேட்டுக்கொண்டதால் நான்கு ஞாயிறும் ஓய்வில்லாமல் வேலைக்குப் போனால், நாளுக்கு இரட்டைச் சம்பளம் என்ற கணக்கில் இன்னும் 185 வெள்ளி வரும். அப்படியும் 1,125-ஐத் தாண்டவில்லை. ஒரு மாதம் முழுக்க உடம்பை வருத்தியும் ஏஜெண்டு சொன்ன எண் எட்டவில்லை! சாப்பாட்டுக்குப் பிடிக்கிறார்கள் என்றால் அது இதிலிருந்துதான் போகும்.

ஆகவே ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பேசிக் எவ்வளவு?" அடுத்து, மாதந்தோறும் மாறாமல் வரும் படி ஏதாவது உண்டா, பிடித்தம் என்னென்ன என்று கேளுங்கள். எஸ் பாஸ் வரம்புக்கும் இதே அளவுகோல்தான். அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் மட்டுமே கணக்கில் வரும். ஓவர்டைமையும் போனஸையும் சேர்த்து 3,300 காட்ட முடியாது.

"எனக்காகக் கம்பெனி லெவி கட்டுது, அதனால சம்பளத்தில் பிடிக்கிறாங்க"

பிடிக்கக் கூடாது. லெவி முழுக்க முழுக்க முதலாளியின் செலவு. அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டமீறல். பெர்மிட்டுக்காக நிறுவனம் காட்டும் 5,000 வெள்ளி ஈட்டுத்தொகையும் அப்படியே.

லெவியில் தொழிலாளிக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. கட்டுமானத்தில் இந்தியத் தொழிலாளிக்கான லெவி 2024 ஜனவரி 1 முதல், அடிப்படைத் திறன் உள்ளவருக்கு மாதம் 900 வெள்ளி, கூடுதல் திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி. ஒருவர் அந்த உயர்ந்த நிலைக்கு வந்துவிட்டால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது இதை மனத்தில் வைத்துச் சம்பளம் பேசலாம், பேசவும் வேண்டும்.

"எஸ் பாஸுக்கு 3,300 போடுவாங்க, பாதியை எடுத்துத் திருப்பிக் கொடுத்துடணும். எல்லாரும் செய்றதுதான்"

வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் ஏறும், அடுத்த நாள் ரொக்கமாக எடுத்து மேலாளர் கையில் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இது வேலை கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் பணம் பறிக்கும் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விண்ணப்பத்தில் பொய்ச் சம்பளம் காட்டியது தனிக் குற்றம். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. தெரிந்தே அந்தப் பொய்க்கு உடன்பட்ட தொழிலாளியும் மாட்டிக்கொள்ளலாம். "எஸ் பாஸில் போறான்" என்ற பெருமைக்காக இதற்குத் தலையாட்டாதீர்கள்.

"அங்கே போய் இறங்கினபிறகு கம்பெனி சொல்றதுதான் சம்பளம்"

இல்லை. ஐ.பி.ஏ. என்று சொல்கிறோமே, மனிதவள அமைச்சின் முன்அனுமதிக் கடிதம், அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். தொழிலாளி ஊரை விட்டுக் கிளம்புமுன் அது அவர் கைக்கு வந்தாக வேண்டும், தமிழிலும் கிடைக்கும். அதில் அறிவித்த சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், நிறுவனம் அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே விமான நிலையத்திலிருந்து நேரே அலுவலகத்துக்கு அழைத்துப்போய் நீட்டும் வேறொரு தாளில், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கடிதத்தைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

"புகார் கொடுத்தா ஊருக்கு அனுப்பிடுவான்"

இந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெர்மிட்டை ரத்து செய்யும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது; கடன் தலைக்கு மேல் நிற்கும்போது வாய் திறக்கத் துணிவு வராது. ஆனாலும் பெர்மிட் போனால் பாக்கிச் சம்பளமும் போய்விட்டது என்பது தவறு. உண்மையான சம்பளப் பாக்கி உள்ளவர்களை, வழக்கு முடியும்வரை தங்கவும் வேறு முதலாளியைத் தேடவும் அமைச்சு அனுமதிப்பதுண்டு. சம்பளச் சீட்டு, வேலை நேரத்தை எழுதி வைத்த நோட்டு, வங்கிப் பதிவு, ஐ.பி.ஏ. ஆகியவைதான் சாட்சி. டாடம் என்று அழைக்கப்படும் தகராறு நிர்வாக அமைப்பில்தான் புகாரைப் பதிய வேண்டும். வேலையில் இருப்பவர் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் பதிய வேண்டும். ஊர் திரும்ப டிக்கெட் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றால், விமானம் ஏறுமுன்பே பதிந்துவிடுவது நல்லது.