ஒரே கட்டளை, வேறு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையும் உன் பொறுப்பில்தான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். விண்டோஸில் கை பழகிவிட்டது, இங்கே சர்வரெல்லாம் லினக்ஸ், எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கணுமா என்று கேட்கிறாய். தேவையில்லை.

பெயர் மாறிய கட்டளைகள் உன்னை ஏமாற்றாது. ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் அப்படி ஒன்றே இல்லை என்று லினக்ஸ் சொல்லிவிடும். 'ஐபி ஏ' என்று அடிக்கப் பழகிக்கொள்வாய், அவ்வளவுதான். பெயர் மாறாதவற்றில்தான் கவனம் வேண்டும்.

1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங்கையே எடுத்துக்கொள். விண்டோஸில் 4 தடவை தட்டிவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் கன்ட்ரோல்-சி அடிக்கும்வரை ஓடும். விண்டோஸில் நிற்காமல் ஓட்ட மைனஸ் டி போடுவாய். லினக்ஸில் அதே மைனஸ் டி டிடிஎல் மதிப்பைக் கேட்கும். லினக்ஸ் சர்வரில் நெட்ஸ்டாட் இருந்தால், நெட்ஸ்டாட் மைனஸ் ஏஎன்ஓ இரண்டிலும் பிழை காட்டாமல் ஓடும். ஆனால் விண்டோஸில் பிராசஸ் எண் வரும் கடைசிப் பத்தியில், லினக்ஸ் டைமரைக் காட்டும். போர்ட்டை எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று தெரிய, லினக்ஸில் நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு மைனஸ் பி சேர்க்கணும்.

கிளை ரூட்டருக்குப் பாதை பார்க்கும்போது இன்னும் கவனமாக இரு. விண்டோஸின் டிரேசர்ட் அனுப்புவது ஐசிஎம்பி. லினக்ஸின் டிரேஸ்ரூட் வழக்கமாக அனுப்புவது யூடிபி. நடுவில் ஃபயர்வால் யூடிபியை மறித்தால் டிரேசர்ட் போய்ச் சேரும், டிரேஸ்ரூட் வரிசையாக நட்சத்திரம் போடும். அதைப் பார்த்து லைன் போச்சு என்று இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டுவிடாதே. சூடோவோடு மைனஸ் பெரிய ஐ சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்.

ஒரு நோட்டு போடு. கட்டளைகளை மனப்பாடம் செய்வதை விட்டு, கேள்விகளை வரிசையாக எழுது: முகவரி வந்திருக்கிறதா? கேட்வே பதில் தருகிறதா? டிஎன்எஸ் வேலை செய்கிறதா? போர்ட் திறந்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே விண்டோஸுக்கு ஒரு கட்டளை, லினக்ஸுக்கு ஒரு கட்டளை. சந்தேகம் வந்தால் 'மேன்' பக்கத்தைத் திற. அந்த சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதற்கே உரிய விளக்கம் அதில் இருக்கும்.

சம்பளக் கணக்கு ஓடும் சர்வரில் பயிற்சி எடுக்காதே. வீட்டில் யாருக்காவது கிடைத்த அரசின் இலவச மடிக்கணினி இருந்தால் தூசி தட்டு. 2011-இல் தொடங்கிய அந்த மடிக்கணினித் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே கேள்வியை இரண்டிலும் கேட்டு, விடைகளை ஒப்பிட்டுப் பார்.

நோட்டு முடிந்ததும் ஒரு நகலை சர்வர் அறையிலேயே வை. உனக்கு அடுத்து வருகிறவனும் விண்டோஸில் கை பழகித்தான் வருவான்.

அன்புடன்,
உன் அண்ணன்